கண்ணாடி முகப்புக்கு முன் எந்தத் தடுப்புத் தூண்?

கார்கள் உங்கள் கட்டடத்தின் கண்ணாடி முகப்பை நோக்கியே நிறுத்தப்படுவதால், தரையில் போல்ட் போட்டு முடுக்கும் எஃகுத் தூண்கள் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் கருத்து. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்ட ஒரு கார் மோதினால், தூண் வளைவதற்கு முன்பே போல்ட்டுகள் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடக்கூடும். வேகம் இரு மடங்கானால் மோதல் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், வாகனம் அந்த இடத்தை எவ்வளவு வேகத்தில் வந்தடைய முடியும் என்பதையே முதலில் கணியுங்கள். அடித்தளத்தில் பதிக்கும் தூணையே தேர்ந்தெடுங்கள். அது வாகனத் தடுப்புகளுக்கான சர்வதேச மோதல் சோதனைத் தரமான ஐஎஸ்ஓ 22343 முறைப்படி சோதிக்கப்பட்டதென்றால், எத்தனை கிலோ எடையுள்ள வாகனம், எந்த வேகத்தில் மோதி, எவ்வளவு தூரம் உள்ளே புகுந்தது என்பதை அறிக்கையில் பாருங்கள். தூண்களின் இடைவெளி 1.2 மீட்டரைத் தாண்டாமலும், சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லுமாறும் இருக்கட்டும். குழி தோண்டுமுன் அடியில் கேபிளோ குடிநீர்க் குழாயோ செல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தூண் வந்து இறங்கிய பிறகுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.