கை மரத்துப்போனால் உடனே ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன், வயது 51. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எம்.சி. ரோடு கடைகளுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். நடுராத்திரியில் வலது கை மரத்து, சுருக்சுருக்கென்று குத்தி எழுப்பிவிடுகிறது. உதறினால் குறைகிறது. காலில் ஒன்றுமில்லை. இலவச முகாமில் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, “சர்க்கரையால நரம்பு செத்துப்போச்சு, பத்து ஊசி போடணும்” என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா.

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு கால் விரல்களிலும் ஆரம்பித்து மேலே ஏறும். கைக்கு வருவது அதற்கப்புறம்தான். காலை விட்டுவிட்டு ஒரு கையில் மட்டும், அதுவும் தூக்கத்தில் வந்து, உதறினால் குறைகிறதென்றால் என் சந்தேகம் மணிக்கட்டு மேல்தான். அங்கே ஒரு குறுகிய வழியில் நரம்பு போகிறது. அது நசுங்குவதைக் கார்ப்பல் டனல் என்போம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். நாளெல்லாம் கத்தரி பிடிக்கும் கைக்குக் கேட்கவே வேண்டாம்.

இன்று ராத்திரி எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு. சுண்டுவிரல் என்றால் முழங்கையில் நரம்பு அழுந்தலாம். கழுத்து எலும்பும் தைராய்டும்கூடக் காரணமாகலாம்.

மரத்துப்போக இன்னொரு காரணம் பி12 வைட்டமின் குறைவு. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் அது குறையலாம். “காசிமேட்டு மீன் வாரம் மூணு நாள் சாப்பிடுறேன் டாக்டர், எனக்கெப்படிக் குறையும்?” என்று கேட்பார்கள். மீனில் பி12 இருக்கிறது, உடம்பு உறிஞ்சுவதைத்தான் மாத்திரை தடுக்கிறது. இதை வேண்டுமானால் இரண்டு தடவை படியுங்கள்: அவர்கள் சொல்வது பி12 ஊசி என்றால், போடுவதற்கு முன்பே பி12 அளவு பார்க்க ரத்தம் கொடுத்துவிடுங்கள். போட்டபின் எடுத்தால் அளவு ஏறித்தான் காட்டும், குறைந்திருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நிஜமாகவே குறைவு என்றால் ஊசி நல்ல மருந்து, நானே எழுதுவேன். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முகாமில் வைத்தது அதிர்வு மெஷினாக இருந்தால், அது முக்கியமாகப் பாதத்தின் உணர்வைச் சோதிக்கும் கருவி. கை ஏன் மரக்கிறது என்று அது சொல்லாது. இந்த மாதிரி முகாம்கள் சிலவற்றில் பேசி ஆள் பிடிப்பவருக்குப் பேக்கேஜுக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கலாம். “நரம்பு சத்து” என்று தரும் மாத்திரைகள் சிலவற்றில் பி6 அதிகம். மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரமரப்பை உண்டாக்கும். இவர்களைக் கேட்க ஆளில்லை. நம் ஆஸ்பத்திரி ஓ.பி.க்களிலோ சர்க்கரை அளவைப் பார்த்து, பழைய சீட்டையே திரும்ப எழுதி அனுப்பிவிடுகிறார்கள். “கையைக் காட்டுங்க” என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஸ்பிளின்ட் என்ற பட்டையைக் கட்டிப் படுங்கள். ஆறு வாரம் பாருங்கள். குறையாவிட்டாலோ, அதற்கு முன்பே ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனாலோ, கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றினாலோ, ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கைக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. என்.சி.எஸ். என்ற நரம்புச் சோதனை தேவையா என்று அவர்கள் சொல்வார்கள். அழுத்தத்தை நீக்குவது சின்ன ஆபரேஷன்தான். சதை வற்றும்வரை தள்ளிப்போட்டால் முழுப் பலன் கிடைக்காது.

ஒரு பக்கக் கை திடீரென்று மரத்து, வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ இது எதுவும் பொருந்தாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.