நகல் முதலில், செக்டிஸ்க் பிறகு

கேள்வி: என் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கிலிருந்து படங்களைக் காப்பி செய்தால் பாதியில் நின்று, 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று எரர் வருகிறது. சில ஃபோல்டர்கள் திறக்கவே வெகுநேரம் ஆகிறது. விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓட்டலாமா, ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். படித்த தகவலைச் சரிபார்த்தபோது அது ஒத்துப்போகவில்லை என்பதுதான் அந்த எரருக்கு அர்த்தம். கோளாறு கேபிளிலும் இருக்கலாம், டிஸ்க்குக்குள்ளும் இருக்கலாம்.

எளிதானதை முதலில் பாருங்கள். வேறு கேபிள் போட்டு, யூஎஸ்பி ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள். 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரையறை 500 மில்லி ஆம்பியர்தான், 3.0-க்கு 900. மின்சாரம் போதாவிட்டால் நல்ல டிஸ்க்கும் நடுவில் துண்டித்துக்கொள்ளும்.

அப்படியும் எரர் வந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். மேலே 'குட்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதி. 'ரீஅலொகேட்டட்', 'பெண்டிங்', 'அன்கரெக்டபிள்' செக்டர் ஆகிய மூன்றின் ரா மதிப்பும் (நேரடி எண்ணிக்கை) பூஜ்யமாக இருக்க வேண்டும். ரீஅலொகேட்டட் என்றால் கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்டவை, அன்கரெக்டபிள் என்றால் பிழையைத் திருத்த முடியாதவை. பெண்டிங் என்றால் படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் இடங்கள். இந்த எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு அதிக நாள் இல்லை.

உடனே நகல் எடுங்கள். மொத்தமாக இழுத்துப் போடாமல், இழக்கவே முடியாத ஃபோல்டரிலிருந்து தொடங்குங்கள். மாட்டிக்கொள்ளும் ஃபைலை விட்டு அடுத்ததற்குப் போங்கள். நிறைய மாட்டினால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது: நன்றாகப் படிக்கிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் மட்டும் எதுவும் முயலாமல் கழற்றிவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள். வீட்டில் திறந்து பார்ப்பது இருப்பதையும் அழித்துவிடும்.

செக்டிஸ்க்கை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன்? அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற டிஸ்க்கின் அமைப்பை) ஒழுங்குபடுத்துவது, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. பொருந்தாத பதிவுகளை அது வெட்டிவிடும். கட்டளையில் '/ஆர்' (/r) சேர்த்தால் முழு டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும்; தளர்ந்த டிஸ்க் அதைத் தாங்காமல் போகலாம்.

எழுதும்போது மட்டும் தகராறு என்றால் அது வேறு கதை. ஃபேட்32, என்டிஎஃப்எஸ் என்பவை டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முறைகள். ஃபேட்32-ல் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்குமே தவிர, தனி மென்பொருள் இல்லாமல் எழுதாது.

நகல் பத்திரமான பிறகு, குயிக் ஃபார்மட் அல்லாமல் முழு ஃபார்மட் செய்து அந்த மூன்று எண்களை மறுபடி பாருங்கள். பெண்டிங் பூஜ்யமாகி ரீஅலொகேட்டடும் ஏறாமல் நின்றால், வேறிடத்தில் நகல் உள்ளவற்றுக்கு மட்டும் டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம். ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.