சுவர் தாங்குமா? கார் ஷெட்டில் தோட்டக் கருவிகளை மாட்டுவது: கேள்வி-பதில்

கார் ஷெட் சுவரில் கொக்கி அடித்து மண்வாரியும் மண்வெட்டியும் மாட்டினேன். ஒரே மாதத்தில், ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளையில் செருகிய பிளாஸ்டிக் பிளக்கோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. இன்னும் பெரிய கொக்கியாக வாங்க வேண்டுமா?

கொக்கியில் குறையில்லை. பிளக் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டதுதான் காரணம். சிமென்ட் பூச்சு பொதுவாக 12 முதல் 20 மி.மீ. கனம் இருக்கும். 30 மி.மீ. நீளப் பிளக்கைச் சுவர்மட்டத்தோடு நிறுத்தினால், அதில் ஏறக்குறைய பாதி பூச்சில்தான் இருக்கும். பூச்சு பாரம் தாங்காது. இழுக்க இழுக்கப் பொடிந்து, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

துளை போடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். பூச்சின் சாம்பல் நிறத் தூளுக்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளே தொடர்ந்து, டிரில் திணறினால் கான்கிரீட். இரண்டுக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போதும். வெள்ளையாக, மாவு போலச் சுலபமாக வந்தால் ஏஏசி கல், அதாவது நுண்ணிய காற்றுக்குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல். அதற்கு டிரில்லின் ஹேமரை அணைத்துவிட்டுச் சும்மா சுழலவிட்டுத் துளைக்க வேண்டும். அடித்துத் துளைத்தால் ஓட்டை அகன்றுவிடும். பிளக்கும் அந்தக் கல்லுக்கென்றே வருவதாக இருக்கட்டும். பூச்சைத் தாண்டி மூன்று சென்டிமீட்டர் போனதும் டிரில் திடீரென்று உள்ளே வழுக்கினால் அது ஹாலோ பிளாக். உள்ளே வெற்றிடம் இருப்பதால், விரிந்து பிடிக்கும் பிளக்குக்கு அங்கே பிடிமானம் கிடையாது. பின்பக்கம் சிறகு விரியும் போல்ட்டையோ, கல்லின் இரு துளைகளுக்கு நடுவே வரும் கெட்டியான பகுதியையோதான் நம்ப வேண்டும்.

செங்கல் சுவரில் செய்ய வேண்டியது இது. 8 மி.மீ. பிட்டால் 75 மி.மீ. ஆழத்துக்குத் துளைக்கவும். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளலாம். தூளை ஊதி எடுத்துவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், தூள் அடியில் தங்கினால் பிளக் முழுதாக இறங்காது. 50 மி.மீ. பிளக்கைத் தட்டி, பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போகும்வரை இறக்கவும். செங்கல்களுக்கு நடுவே உள்ள கலவையில் துளை விழுந்தால் இரண்டு விரல் தள்ளி வேறு துளை போடுங்கள். பழைய ஓட்டையில் தீக்குச்சி செருகி அதே ஸ்க்ரூவை முறுக்குவது ஒரு காலண்டருக்குப் போதும், மண்வெட்டிக்குப் போதாது.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளைக்கவே வேண்டாம். ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கொக்கியா, மரச்சட்டமா?

மரச்சட்டம்தான், சந்தேகமே வேண்டாம். 75 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனமுள்ள ரீப்பரை 40 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ வீதம் சுவரில் பிடித்துவிட்டால் பாரம் பல இடங்களில் பகிர்ந்துகொள்ளப்படும். 25 மி.மீ. மரம், 15 மி.மீ. பூச்சு, 50 மி.மீ. பிளக் என்று கூட்டினால் ஸ்க்ரூ 90 மி.மீ. நீளம் வேண்டும். நாளைக்குப் புதுக் கருவி வந்தால் மரத்தில் இன்னொரு கொக்கியைத் திருகினால் போதும், சுவரைத் தொட வேண்டியதில்லை.

உயரத்துக்கு முதலில் ஆக நீளமான கருவியைச் சுவரில் சாய்த்து அளவெடுங்கள். தலை மேலே, பிடி கீழே, பிடியின் நுனி தரையிலிருந்து 15 செ.மீ. எழும்பியிருக்க வேண்டும், அப்போதுதான் கூட்டிக் கழுவ முடியும். 1.5 மீட்டர் பிடியென்றால் சட்டம் ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் வரும். பிடியின் கனம் 32 முதல் 38 மி.மீ. என்பதால், கருவியின் தலையைத் தாங்கச் சட்டத்தில் பொருத்தும் இரண்டு முளைகளுக்கு நடுவே 45 மி.மீ. இடைவெளி சரியாக இருக்கும். முளையின் நுனி சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கருவி நழுவாது. மண்வாரியின் பற்கள் சுவரைப் பார்க்கட்டும்.

துளை போடும் முன் காரை நிறுத்தி, கதவை முழுக்கத் திறந்து, அது எட்டும் இடத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

மண்வெட்டியை எப்படி மாட்டினாலும் துருத்திக்கொண்டு நிற்கிறது. கடப்பாரையும் இருக்கிறது.

மண்வெட்டியின் இலை பிடிக்குக் குறுக்காக நிற்பதுதான் சிக்கல். இலை வெளியே பார்த்தால் தோளில் இடிக்கும். உள்ளே பார்த்தால் சுவரில் முட்டிப் பிடியை வெளியே தள்ளும். பக்கவாட்டில் திருப்பி, இலை சுவரின் நீளவாக்கில் போகும்படி மாட்டுங்கள். இலையின் அகலத்தில் பாதி, சுமார் 12 செ.மீ., சுவர்ப்பக்கம் வரும். ஆகவே தாங்கி 15 செ.மீ.க்குக் குறையாமல் வெளியே நீள வேண்டும். வழியில் வேண்டாம், சுவரின் கடைசி ஓரமே இதற்கு இடம்.

இங்கே ஒரு கணக்கு உதவும். சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி 10 கிலோ தொங்குகிறது, தாங்கியின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ்ப்பக்க ஊன்றுமுனைக்கும் 10 செ.மீ. என்றால், மேல் ஸ்க்ரூவை 20 கிலோ வெளியே இழுக்கும். அந்த உயரத்தை 20 செ.மீ. ஆக்கினால் இழுப்பு 10 கிலோவாகப் பாதியாகும். உயரமான தாங்கியை வாங்கச் சொல்வது இதனால்தான்.

25 மி.மீ. கனமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள கடப்பாரை ஏறக்குறைய 6 கிலோ வரும். அதைத் தொங்கவிட வேண்டாம். மூலையில் ஒரு மரக்கட்டையில் குழி வெட்டி, நுனியை அதில் நிறுத்தி, நெஞ்சுயரத்தில் ஒரு சங்கிலியைக் குறுக்கே மாட்டுங்கள்.

மழை படாத இடத்தில்தான் வைக்கிறேன். ஆனாலும் துரு ஏறுகிறது.

மழை தேவையில்லை, ஒட்டிய ஈர மண்ணே போதும். கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். இரும்பு சுவரைத் தொடாமல் இரண்டு செ.மீ.யாவது விலகியிருக்கட்டும்; சுவரின் ஈரம் அதில் இறங்காது. துடைத்ததும் மெஷின் ஆயில் இரண்டு சொட்டுத் தடவினால் நல்லது. பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், அது மண்ணுக்குள் போகும்.

பக்கத்தில் உர மூட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். உரம் காற்றின் ஈரத்தை இழுக்கும் உப்பு. கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலின் ஆவியும் இரும்பை அரிக்கும். இரண்டையும் மூடிய டப்பாவில் போட்டு வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

மரப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய் நல்லது. ஆனால் ஒரு பெரிய எச்சரிக்கை: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே தரையில் விரித்துக் காயவைத்துவிட்டு, அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும். தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

தோட்டத்து ஹோஸ் மடங்கி மடங்கி விரிசல் விடுகிறது.

ஆணியில் மாட்டியிருப்பீர்கள். மொத்தப் பாரமும் ஒரே மடிப்பில் விழுகிறது. 20 முதல் 25 செ.மீ. அகலமுள்ள வளைந்த தாங்கி வேண்டும். பழைய கார் ரிம் அருமையாகப் பொருந்தும். தண்ணீரை வடித்துவிட்டுச் சுற்றுங்கள். அரை அங்குல ஹோஸில் 15 மீட்டருக்குள் ஏறக்குறைய 2 லிட்டர் நிற்கும்.

அரிவாள், கிளை வெட்டும் கத்தரி? வீட்டில் சிறு குழந்தை உண்டு.

பூட்டுள்ள பெட்டி. வேறு வழி சொல்ல மாட்டோம். பழைய ஹோஸ் துண்டை நீளவாக்கில் கீறி அரிவாளின் வாயில் மாட்டினால் எடுக்கும் கைக்கும் பாதுகாப்பு.

பெட்ரோல் புல்வெட்டியைச் சுவரில் மாட்டலாமா?

மாட்டலாம். தோளில் மாட்டும் வகை 7, 8 கிலோ இருக்கும், பாரத்தில் பெரும்பகுதி என்ஜின் பக்கம். இரண்டு தாங்கிகளில் படுக்கவைத்து, ஒரு தாங்கியை என்ஜினை ஒட்டி வையுங்கள். சைலன்சர் ஆறாமல் மரச்சட்டத்தை ஒட்டி வைக்கக் கூடாது. பிளேடுக்கு உறை போடவும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமுள்ளது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் கேனை அந்த அறையில் வைக்க வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் போய்க் கீழே இருக்கும் சார்ஜர், இன்வெர்ட்டர் பக்கம் தேங்கும்.