ஃப்ரீமேசன் அமைப்பு இனியும் நிலைக்குமா?

"ரகசியச் சடங்குகளும் ஆண்கள் மட்டும் என்ற விதியும் கொண்ட ஃப்ரீமேசன் அமைப்புக்கு எதிர்காலம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சகோதரத்துவத்தையும் நன்னெறியையும் முன்னிறுத்தும் இந்தச் சங்கத்துக்கு எதிர்காலம் உண்டு, ஆனால் முன்பிருந்த பெருங்கூட்டமாக அல்ல. அமெரிக்காவில் 1950களின் இறுதியில் 40 லட்சத்தைத் தாண்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை இப்போது 10 லட்சத்துக்கும் கீழே.

அதன் ஆதாரக் கொள்கை எனக்கு இன்றும் அருமையாகப் படுகிறது. 1723இல் லண்டனில் அச்சான விதிநூல், எல்லா மனிதரும் ஏற்கும் பொதுவான நெறி ஒன்றே உறுப்பினருக்குப் போதும் என்றது. மதச் சண்டையும் அரசியல் வாதமும் லாட்ஜின், அதாவது உறுப்பினர்கள் கூடும் கிளையின், வாசலோடு நிற்க வேண்டும். மதத்தின் பெயரால் ரத்தம் சிந்திய இங்கிலாந்தில் இது சாதாரணச் சொல் அல்ல. பிரபுவும் வணிகரும் அங்கே 'சகோதரர்' என்றே அழைத்துக்கொண்டார்கள். (நம் பக்கத்திலும், 18ஆம் நூற்றாண்டிலேயே ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா திருச்சியில் உறுப்பினரானார்.)

ஆனால் அதே விதிநூல்தான் பெண்களையும் அடிமைகளையும் விலக்கியது. பெண்கள் காத்திருக்கவில்லை. 1893இல் பாரிஸில் இருபாலரும் சேரும் லாட்ஜ் பிறந்தது. 1908இல் இங்கிலாந்தில் எழுந்த இன்னொரு இருபாலர் அமைப்பு பின்னர் பெண்களுக்கு மட்டுமானதாக மாறியது. லாட்ஜுகளுக்குத் தலைமை தாங்கும் பழைய கிராண்ட் லாட்ஜுகளில் பெரும்பாலானவை இன்னும் ஆண்களுக்கு மட்டும்தான். சடங்கின் ரகசியத்தைவிட இந்த விலக்கே அவற்றுக்குப் பெரிய பலவீனம் என்பது என் கருத்து.