கல்லாப்பெட்டியும் கணக்குப்பதிவியலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் பத்தாம் வகுப்பில் 430 மதிப்பெண் பெற்றிருக்கிறான். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவில்தான் சேருவேன் என்கிறான். மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் எடுக்கும் பிரிவு அது என்று உறவினர்கள் வருந்துகிறார்கள். பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் மாமனாரோ, "கல்லாவுல இருந்து படிக்காததையா பள்ளிக்கூடத்துல படிக்கப் போறான்?" என்கிறார். என்ன செய்யட்டும்?

ஒரு தாய், அம்பாசமுத்திரம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் கேட்டதையே என் தந்தையும் கேட்டார். தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில் எங்களுக்கும் பலசரக்குக் கடை இருந்தது. பருப்பை விரலால் நசுக்கித் தரம் சொல்லவும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முகம் பார்த்து முடிவெடுக்கவும் அப்பாவுக்குத் தெரியும். அவற்றை எந்தப் பாடநூலும் கற்றுத் தராது. ஆனால் வீட்டுக்கு வேண்டிய அரிசியும் எண்ணெயும் கடையிலிருந்தே போயின. அக்காவின் கல்யாணச் செலவும் கல்லாவிலிருந்தே போனது. எதுவும் நோட்டில் ஏறவில்லை. ஆண்டு முடிவில் சரக்கு குறைந்திருப்பதைக் கண்டவர், கடை நஷ்டத்தில் ஓடுகிறது என்று முடிவுகட்டி மூடிவிட்டார்.

மறு ஆண்டு, கணக்குப்பதிவியல் வகுப்பில், முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து, அதாவது எல்லா வரவு செலவும் எழுதப்படாத நோட்டுகளிலிருந்து, இலாபம் காணும் கணக்கொன்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். ஆண்டுத் தொடக்கத்தில் கடைக்காரர் கடையில் வைத்திருந்த முதல், அதாவது தொடக்க முதல் 2,00,000 ரூபாய், ஆண்டு முடிவில் இருந்த இறுதி முதல் 1,90,000, அவர் சொந்தச் செலவுக்கு எடுத்த எடுப்புகள் 1,20,000. முதல் குறைந்திருக்கிறதே என்று நான் நஷ்டம் என எழுதினேன். இறுதி முதலோடு எடுப்புகளைக் கூட்டித் தொடக்க முதலைக் கழித்தபோது 1,10,000 ரூபாய் இலாபம் வந்தது. அன்று இரவு அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எங்கள் கடைக்கும் அப்படியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடை சம்பாதித்துத்தான் இருந்தது. வீடு அதைவிடக் கூடுதலாக எடுத்திருந்தது. கடை வேறு, கடைக்காரர் வேறு என்று பாடத்தில் வரும் தொழில் தனித்தன்மைக் கருத்து எனக்கு அன்றுதான் விளங்கியது.

இது மதிப்பெண் குறைந்தவர்களுக்கான படிப்பு என்பவர்கள் நம் மண்ணின் வரலாற்றையே பார்க்கட்டும். 1906ஆம் ஆண்டில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக 10 லட்சம் ரூபாய் முதல் என்ற திட்டத்தோடு பதிவானது. எதிர்க் கம்பெனி தன் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு பயணக் கட்டணத்தைக் குறைத்தபோது, சுதேசிக் கம்பெனியின் முதல் எத்தனை நாள் தாங்கும் என்பது தேசபக்தியோடு கூடவே நிறுமக் கணக்குகளின், அதாவது கம்பெனிக் கணக்குகளின் கேள்வியாகவும் இருந்தது.

பொறியியலோ மருத்துவமோ பின்னால் வேண்டும் என்று தோன்றினால் இந்தப் பிரிவிலிருந்து போவது கடினம். அதை மகனிடம் இப்போதே பேசிவிடுங்கள். வணிகக் கணிதம் உள்ள பிரிவு கிடைத்தால் அதையே கேளுங்கள், ஏனெனில் பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) படிப்பின் அடித்தளத் தேர்வில் கணிதமும் புள்ளியியலும் உண்டு.

பள்ளி திறக்கும்வரை, கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சாமான்களை மட்டும் தனி நோட்டில் எழுதிவரும்படி மாமனார் பேரனிடம் சொல்லட்டும். மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும்.