கட்டட மின்சாரத்தைக் குறைத்துத் தரும் வேலை: கேள்வி பதில்

சென்னையில் ஐ.டி. வளாகங்கள், மருத்துவமனைகள், ஓட்டல்களுக்கு பிஎம்எஸ் (ஏசி, பம்ப் போன்றவற்றை ஒரே திரையிலிருந்து கண்காணித்து இயக்கும் கட்டட மேலாண்மை அமைப்பு), எரிசக்தி மேலாண்மை அமைப்புகள் விற்கும் அக்கவுண்ட் மேனேஜராக இருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, மெக்கானிக்கல் முடித்து சில்லர் (பெரிய கட்டடங்களின் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) சர்வீஸில் இருக்கிறேன். சரளமாகப் பேச வராது. விற்பனைக்கு வரலாமா?

தாராளமாக வாங்க தம்பி. சில்லர் அப்ரோச் (உள்ளே ஓடும் குளிர்பொருளுக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம்) ஏன் ஏறுகிறது என்று சொல்லத் தெரிந்தவரை ஃபெசிலிட்டி மேனேஜர் உட்கார வைத்துக் கேட்பார். பேச்சு பழகப் பழக வந்துவிடும். பிளான்ட் ரூம் (சில்லர், பம்புகள் இருக்கும் அறை) அனுபவம் இல்லாமல் வருகிறவர்களுக்குத்தான் அதைப் பிடிக்க வருஷக்கணக்கில் ஆகிறது.

முதல் சந்திப்பில் என்ன கேட்பீர்கள் மேடம்?

பன்னிரண்டு மாத மின் பில். பிரசன்டேஷன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பில்லில் யூனிட்டை மட்டும் பார்க்காதீர்கள், டிமாண்ட் கட்டணத்தையும் (கட்டடம் இழுக்கும் உச்ச மின்சுமைக்கான கட்டணம்) பாருங்கள். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புக்கு, பதிவான உச்சத் தேவை, ஒப்பந்தத் தேவையில் (மின்வாரியத்துடன் ஒப்பந்தம் செய்த மின்சுமை) 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். ஒப்பந்தம் 1,000 கேவிஏ (மின்சுமையின் அலகு) என்று வையுங்கள். உங்கள் சிஸ்டம் உச்சத்தை 900-லிருந்து 750-க்கு இறக்கினாலும் பில் 900-க்கே வரும். ஒப்பந்தத் தேவையைக் குறைக்க விண்ணப்பித்தால்தான் பணம் மிச்சம். இதை முதல் நாளே சொல்லுங்கள். பில்லைப் பார்த்துவிட்டு அவர்களே கண்டுபிடித்தால் உங்கள் மற்ற கணக்குகளையும் நம்ப மாட்டார்கள்.

சிஸ்டம் போட்டு ஆறு மாதம் ஆகிறது. "சேமிப்பே தெரியவில்லை" என்று கஸ்டமர் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். என்ன செய்வது?

எக்செலை மூடிவிட்டு பிளான்ட் ரூமுக்குப் போங்கள். ஸ்கிரீனில் பம்ப் பச்சையாக ‘ஆட்டோ’ என்று காட்டும். பேனலில் செலக்டர் சுவிட்ச் ‘மேனுவல்’ பக்கம் திரும்பியிருக்கும், டிரைவ் (பம்பின் வேகத்தை மாற்றும் கருவி) டிஸ்பிளேயில் 50 ஹெர்ட்ஸ், அதாவது முழு வேகம், நிற்கும். அந்த சுவிட்ச் நிலையை பிஎம்எஸ்ஸுக்கு வயர் இழுத்துக் கொண்டுவராத கட்டடங்களில் இது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. பம்பின் வேகம் 80 சதவீதத்துக்கு இறங்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 40 ஹெர்ட்ஸ் போதும் என்ற இடத்தில் 50-இல் ஓடினால் நீங்கள் விற்ற சேமிப்பு அங்கேயே போய்விடுகிறது.

ஆபரேட்டர் மேல் பழி போடாதீர்கள். மேல்மாடியில் சூடு என்று ராத்திரி போன் வந்தால் ஓட வேண்டியவர் அவர். ஏன் மேனுவலில் போட்டார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அடைத்த ஃபில்டரோ, சிக்கிக்கொண்ட வால்வோ, தப்பாகக் காட்டும் சென்சாரோ வெளியே வரும். அதைச் சரிசெய்து கொடுத்தால் அவரே ஆட்டோவுக்குத் திருப்புவார்.

அதற்குப் பிறகு பேஸ்லைன், அதாவது சேமிப்பை ஒப்பிட எடுத்துக்கொள்ளும் பழைய மின்பயன்பாடு. போன வருஷம் பாதி ஆபீஸ் காலி, இந்த வருஷம் முழுக்க ஆட்கள் என்றால் இரண்டு பில்லையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆள் எண்ணிக்கை, வெயில், இயங்கிய நேரம் எல்லாவற்றுக்கும் திருத்தம் வேண்டும். ஐபிஎம்விபி என்ற சர்வதேச அளவீட்டு நெறிமுறை இதற்காகவே இருக்கிறது. அடுத்த ஆர்டரிலாவது, எதை அளப்பது, எந்த மீட்டரில், எப்படித் திருத்துவது என்று பிஓ (கொள்முதல் ஆணை) வருவதற்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

புரபோசலில் "30 சதவீதம் சேமிப்பு" என்று எழுதச் சொல்கிறார் என் மேலாளர். கட்டடத்தின் மின்பயன்பாட்டை அளந்து பார்க்கும் ஆடிட் நடக்கவில்லை.

எழுதாதீர்கள். சில்லருக்கு பிடியூ மீட்டரும் (குளிர்ச்சியின் அளவை அளப்பது) மின் மீட்டரும் வைத்து, ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் போகிறது என்று ஒரு வாரமாவது பாருங்கள். செலவில்லாத விஷயங்களை முதலில் செய்து காட்டலாம். ஏசி வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று பிஇஇ (மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு) சொல்கிறது. 22-இல் நடுங்கும் ஆபீஸை 24-க்குக் கொண்டுவந்து பில்லைக் காட்டுங்கள், பெரிய ஆர்டருக்கு அதுவே வழி திறக்கும்.

எங்கள் கம்பெனியின் சொந்த புரோட்டோகாலில் (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) பூட்டி வைத்தால் கஸ்டமர் வேறு எங்கும் போக முடியாதே?

போக முடியாது, ஆனால் அடுத்த கட்டடத்துக்கு உங்களைக் கூப்பிடவும் மாட்டார். எந்தக் கம்பெனியும் பயன்படுத்தக்கூடிய பாக்நெட், மோட்பஸ் புரோட்டோகால்களைத் திறந்த நிலையில் கொடுங்கள். பாஸ்வேர்டு, பாயின்ட் லிஸ்ட் (சிஸ்டத்தில் இணைத்த சென்சார், சுவிட்சுகளின் பட்டியல்) இரண்டையும் ஒப்படைப்பு ஃபைலிலேயே வையுங்கள்.

சான்றிதழ் ஏதாவது படிக்கலாமா?

பிஇஇ நடத்தும் எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் தேர்வு. மேனேஜருக்கு மூன்று தாள், ஆடிட்டருக்கு நான்கு. வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம்.

வாடகைக்கு விட்ட ஐ.டி. கட்டடத்தில் யாரைப் பிடிப்பது? ஓனர் "பில் கட்டுவது டெனன்ட்" என்கிறார், டெனன்ட் "மெஷின் ஓனருடையது" என்கிறார்.

ஐ.டி. கட்டடங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் எனக்கும் அடிக்கடி வரும் தலைவலி இது. முதலில் லீஸ் ஒப்பந்தத்தைக் கேட்டுப் பாருங்கள். சில்லர் மின்சாரம் பராமரிப்புக் கட்டணத்துக்குள் ஒரே தொகையாக இருந்தால் மிச்சம் ஓனருக்குப் போகும், அவரிடம் பேசலாம். மீட்டர் வைத்து டெனன்ட் தனியாகக் கட்டினால், செலவில் ஒரு பங்கை அவர் ஏற்கிற மாதிரி திட்டம் கொண்டுபோங்கள். லீஸ் முடிய ஒரு வருஷம்தான் இருக்கிறதென்றால் புதுப்பிக்கும் பேச்சு தொடங்கும் வரை காத்திருங்கள். அந்த மேஜையில் இரண்டு பேரும் ஒன்றாக உட்காருவார்கள்.