பின்பக்கம் ‘டக்’ என்று அடிக்கும் ஸ்போர்ட்ஸ் கார்: போனது ஆக்சிலா, டிஃபரன்ஷியலா?

கேள்வி: “என்னிடம் பின்சக்கரத்துக்கு இழுவை போகும் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பின்னாலிருந்து ‘டக்’ என்று சத்தம் வருகிறது. டிஃபரன்ஷியல் போய்விட்டது என்கிறார்கள். ஆக்சில் மட்டும் மாற்றினால் சரியாகுமா? நான் இருப்பது சின்ன ஊர். இங்கே யாருக்கும் இதெல்லாம் தெரியாது. சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?”

உங்கள் கேள்வியில் கடைசி மூன்று வரிகளைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். காரைக்குடியில் 26 வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். “இங்கே யாருக்கும் தெரியாது” என்று என் வாசலில் நின்றுகொண்டே சொன்னவர்கள் உண்டு. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: டிஃபரன்ஷியல் என்பது பின்சக்கரங்களுக்கு நடுவே இருந்து இழுவையை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பும் கியர் பெட்டி, ஆக்சில் என்பது அங்கிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் தண்டு.

உங்கள் கார் தினமும் ஓடுகிற கார் இல்லை என்று நினைக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வரும்போதுதான் கவரைக் கழற்றுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்றால் மேலே படியுங்கள், நான் சொல்லப்போகிற கார் உங்கள் காரின் பங்காளி.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. பெரியவர் காலத்திலிருந்து அந்த வீட்டு வண்டிகளை நான்தான் பார்க்கிறேன். முதலில் அம்பாசடர், பிறகு குவாலிஸ். இப்போது மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக ஒரு நிஸான் 370இசட் வாங்கிவந்து, பழைய மாட்டுவண்டிக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். 3.7 லிட்டர் வி6 என்ஜின், 6 கியர் மேனுவல். வருஷத்தில் மொத்தமே 20 நாள் ஓடினால் அதிகம்.

போன தை மாதம் வந்தவர் காரை எடுத்தபோது பின்னால் ‘டக்’. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தினால் ‘டக்’. முதல் கியரில் கிளட்சை விடும்போது ‘டக்’. லாரியில் ஏற்றி ஒரு பெருநகர ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். 11 நாள் வைத்திருந்தார்கள். டிஃபரன்ஷியல் முழு அசெம்ப்ளியும் மாற்ற வேண்டும், 4 லட்சத்து 60 ஆயிரம் ஆகும் என்று காகிதம் கொடுத்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு ப்ளே (தளர்வான ஆட்டம்) இருந்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

கார் திரும்பி வந்தது. அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரியவரைச் சொல்லி, “அப்பச்சி இருந்திருந்தா முதல்ல உங்களத்தான் கூப்பிட்டிருப்பாக. ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி, அப்புறம் அவன் என்ன வேணாலும் செய்யட்டும்” என்றார்கள்.

நான் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. திருமயம் வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். உங்களுக்கும் முதல் வேலை இதுதான்: சத்தம் எப்போது வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். மேடு பள்ளத்தில் ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்திருக்கும்போது வந்தால் அது சஸ்பென்ஷன். ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஆர்ம் புஷ் இவற்றைப் பார்க்க வேண்டும். சமமான ரோட்டில் இழுவை மாறும்போது மட்டும், அதாவது அழுத்தும்போதும் விடும்போதும் வந்தால், அது என்ஜினிலிருந்து சக்கரம் வரை போகிற வரிசையில் எங்கோ இருக்கிறது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகரும்போது ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் கேட்டால் அது வேறு கதை, பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கார் இரண்டாவது வகை. கொட்டகையிலேயே நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினை நிறுத்தி, கியரில் போட்டேன். என் பையன் (மகன் இல்லை, 15 வயதில் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது அவனுக்கு 29) இடது சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் வலது சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கத்திலும் சாக்பீஸால் ஒரே நேர்கோடு இழுத்து வைத்திருந்தோம்: முன்னாலிருந்து இழுவையைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலில் சேரும் இடம், டிஃபரன்ஷியலிலிருந்து ஆக்சில் கிளம்பும் இடம், ஆக்சில் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் நுழையும் இடம். சக்கரத்தை ஆட்டும்போது எந்தக் கோடு முறிகிறதோ அங்கேதான் தேய்மானம். இந்தக் காரின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கார்பன் ஃபைபரில் செய்த ஒரே துண்டு. நடு பேரிங் கிடையாது, அதனால் அந்தச் சந்தேகமே இல்லை.

முறிந்தது நடுக்கோடு. வலது ஆக்சிலின் உள் ஜாயின்ட். உள்ளே லொடலொடவென்று ஆடியது. இடது பக்கம் மாற்றிப் பிடித்து ஆட்டியபோது அங்கும் கொஞ்சம் ப்ளே இருந்தது, ஆனால் பாதிகூட இல்லை. டிஃபரன்ஷியலில் கியர் பற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இயல்பான இடைவெளி மட்டும். ஆயிலை இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மசி மாதிரி கொஞ்சம் இருந்தது, ஒரு இரும்புத் துகள்கூட நெருடவில்லை. அதன் மவுண்டிங் புஷ்களை லிவர் போட்டு நெம்பினேன், அவையும் சரியாகவே இருந்தன.

டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை வைக்காமல் பேக்லாஷ், அதாவது அந்தப் பல் இடைவெளி பற்றிப் பேசலாமா என்று யாராவது கமென்ட்டில் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். டயல் கேஜ் என்னிடமும் இருக்கிறது, பிறகு வைத்தும் பார்த்தேன். ஆனால் 4 லட்சத்து 60 ஆயிரம் கேட்டவர்கள் சாக்பீஸ்கூட வைக்கவில்லை.

அது ஏன் தேய்ந்தது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தோம். ஒரு மடிப்புக்குள் எலி கடித்த ஓட்டை. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிற கார், பக்கத்திலேயே நெல் மூட்டை. க்ரீஸ் வெளியே தெறித்துவிட்டது, உள்ளே எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி போயிருக்கிறது. பிரித்தபோது உள்ளே க்ரீஸ் இல்லை, செங்கல் நிறத்தில் ஒரு களிம்பு. விரலில் எடுத்தால் நறநறவென்றது. வால்வுக்குப் போடுகிற கிரைண்டிங் பேஸ்ட்டும் அதுவும் ஒன்றுதான், எஃகு எத்தனை நாள் தாங்கும்?

பூட் மட்டும் மாற்றினால் போதும் என்ற கட்டம் தாண்டியிருந்தது. இரண்டு பக்கமும் புது ஆக்சில் வரவழைத்தோம். ரீகண்டிஷன் ஆக்சில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதிகக் குதிரைத்திறன் உள்ள காருக்கு நான் போடமாட்டேன். அது என் கருத்து, வேறு அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம். இரண்டும் இறக்குமதிச் செலவோடு சேர்த்து அவர்கள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

கழற்றுவதில் கஷ்டம் ஹப்பில்தான். ஆக்சில் முனையில் நீளவாக்கில் இருக்கும் பற்கள், அதாவது ஸ்ப்லைன், துரு பிடித்து ஹப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயிலை விட்டு ஊற வைத்துவிடுங்கள். ஆக்சில் முனையில் நேராகச் சுத்தியலால் அடிக்காதீர்கள், மரை மடங்கினால் அந்த ஆக்சில் அவ்வளவுதான். ஹப் நட்டை முனையோடு சமமாக நிறுத்தி, பித்தளைக் கட்டையை வைத்துத் தட்டுங்கள், இல்லாவிட்டால் புல்லர் போடுங்கள். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஏபிஎஸ் சென்சார் ஒயரை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஆக்சிலின் நடுவைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் பிரிந்து வந்துவிடும், இரண்டு முனையையும் தாங்கித்தான் எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் தேவை. திரும்பப் போடும்போது, காரின் எடை சக்கரத்தில் இறங்குவதற்கு முன்பே ஒருவர் பிரேக்கை மிதிக்க, ஹப் நட்டை டார்க் ரெஞ்சால் முழு அளவுக்கு இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஹப் பேரிங் கெடும். சஸ்பென்ஷன் ஆர்ம் கழற்றியிருந்தால் அந்த போல்ட்டுகளுக்கு நேர்மாறு: கார் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம், இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இறுக்கும் அளவை இங்கே எழுதமாட்டேன். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதைப் பாருங்கள். நான் எழுதினால் யாராவது வேறு காருக்குப் போட்டுவிடுவார்கள்.

வலது பக்கம் முழுவதையும் பையன் செய்தான். இடது பக்கம் நான். ஓட்டிப் பார்த்தோம், பெரிய ‘டக்’ போய்விட்டது. ஆனால் ரிவர்ஸ் எடுத்து முன்னால் நகரும்போது இடது பக்கம் மெலிதாக ஒரு ‘டிக்’. பையன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “அண்ணே, ஜாயின்ட் தோள்பட்டையில க்ரீஸ் வச்சீங்களா?” என்றான். வைக்கவில்லை. வெளி ஜாயின்ட்டின் தோள்பட்டை ஹப் பேரிங்கின் முகத்தில் அழுந்தி உட்காரும் இடம் அது. அங்கே உலோகமும் உலோகமும் வறண்டு உரசினால், இழுவையின் திசை மாறும்போது ஒட்டி விடுபட்டு ஒரு தடவை சொடுக்கும். 350இசட், 370இசட் இரண்டிலும் இது தெரிந்த சங்கதி. இரண்டு முகத்தையும் துடைத்து மாலிப்டினம் க்ரீஸை மெல்லிசாகப் பூசினால் தீரும். என் அவசரம், என் தவறு. முழுதாக இறுக்கிய நட்டை நான் மறுபடி போடுவதில்லை என்பதால் புது நட்டு வர 9 நாள் காத்திருந்தோம்.

இதை எழுதும்போது அந்தப் பையன் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மூன்று வருஷமாக அவனுக்குப் பெண் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்துகிறது, சொந்த வீடு இருக்கிறது, குடி கிடையாது. “மாப்பிள்ளை என்ன வேலை?” “கார் மெக்கானிக்.” அத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், ஏதாவது கம்பெனியில் 15 ஆயிரம் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டு வரச்சொல்லுங்கள், பேசலாம் என்றார்கள். அதைப்போல இரண்டு மடங்கு இங்கே சம்பாதிக்கிறான். கையில் கறை இருப்பதுதான் குறையாம். அழகப்பா செட்டியார் காலேஜ் கட்டின ஊர் இது, படிப்பின் அருமை எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு சத்தத்தைக் காதால் கேட்டு எந்த முகத்தில் க்ரீஸ் இல்லை என்று சொல்கிறவன் படித்தது படிப்பில்லையா?

சரி, உங்கள் காருக்கு வருகிறேன். இப்படிச் சோதித்துப் பார்க்காமல் டிஃபரன்ஷியல் வாங்கப் பணம் கட்டாதீர்கள். நான்கு ஸ்டாண்ட், ஒரு சாக்பீஸ், பிடிக்க ஒரு ஆள். உங்கள் ஊரில் பழைய அம்பாசடருக்குக் க்ரவுன் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கியர் ஜோடி) செட் செய்த மெக்கானிக் யாராவது நிச்சயம் இருப்பார், அவரைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள். எந்தக் கோடு முறிந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள். கூடவே, பூட் மடிப்புக்குள் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.